எடுத்து வைத்த மூன்று துண்டு அதிமதுரம்

மகனே,

உறையின் மேலுள்ள கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய். நான்தான், உன் அப்பா. பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மா சுகம். என் கால் வீக்கமும் வற்றிவிட்டது. இந்தக் கடிதத்தை நான் யாரிடமும் சொல்லி எழுதுவிக்கவில்லை. எசனில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து ஒவ்வொரு எழுத்தாக நானே எழுதுகிறேன். இன்றைக்கு ஒன்பதாவது நாள், இந்த முதல் பக்கத்தைத் திருத்தி மறுபடி எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிந்ததும் எழும்பி யன்னலடிக்குப் போய், தாளை எட்டப் பிடித்துப் பார்க்கிறேன். கறுப்புக் கறுப்பாக, வரிசையாக, என் பேச்சு அங்கே நிற்கிறது. எழுபது வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு சந்தோசம் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ‘ஞ’ இன்னும் எனக்கு அடங்கவில்லை. ‘இ’ இப்போது நல்ல பிள்ளை. நீ சிறுவயதில் சனிக்கிழமைகளில் அழுதழுது படித்த எழுத்தை நான் சிரித்துச் சிரித்துப் படித்தேன். பிழைகள் இருக்கும். சத்தம் போட்டு வாசித்தால் விளங்கும்.

ஆனால் சந்தோசத்தைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் ஏதாவது பகிடி விட்டு மழுப்பிவிடுவேன். ரெலிபோனில் இரண்டு தரம் தொடங்கினேன். இரண்டு தரமும் “சாப்பிட்டியா” என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன் கலியாணத்துக்கு நாலு கிழமை இருக்கிறது. அதற்கு ஒரு கிழமை முன்னதாக, நீ கட்டப்போகிற லின்னின் தகப்பனார் சீனாவுக்கு, தன் மூத்த மகளிடம் போகிறார். பெற்ற பிள்ளையின் கலியாணத்துக்கு நிற்காமல் போகிறார். நீ அவரோடு பேசிய பேச்சுத்தான் காரணம். நீ அப்படிப் பேசியதற்கு நான் காரணம். இதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் தொடக்கத்திலிருந்து எழுதாவிட்டால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்கு விளங்காது.

இரண்டு வருடத்துக்கு முன், நீ கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வந்து, எங்கள் இருவரையும் முதன்முதலாக டுசல்டோர்ஃபுக்கு அவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். சம்பந்தி என்றுதான் அவரை எழுதப் போகிறேன், எங்கள் வழக்கத்தில் அவர் எனக்கு அதுதான். சின்ன வீடு. ஒரு சுவர் முழுக்க பிஸ்கட் தகரங்கள், ஒவ்வொன்றிலும் கடதாசி ஒட்டியிருந்தது. சீனாவில் மூலிகைக் கடையில் இருபது வருடம் மருந்து நிறுத்துக் கட்டியவர் என்றும், இங்கே வந்து உணவகக் குசினியில் கோவாவும் வெங்காயமும் வெட்டியவர் என்றும், இப்போது தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும் கட்டிக் கொடுக்கிறார் என்றும் நீ வழியிலேயே சொல்லியிருந்தாய். நானும் ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுக் கழுவி ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் குசினி ஆட்கள்தானே, நல்லாய் ஒத்துப்போகும் என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன்.

நீ போனதும் அவருக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டாய். மடியில் ஒரு கொப்பி. அவர் ஒரு தகரத்தைத் திறந்து மஞ்சள் நிறத்தில் சாய்வாகச் சீவிய வேர்த் துண்டுகளைக் காட்டினார். அவர் சீன மொழியில் சொல்ல, லின் ஜேர்மனில் சொல்ல, நீ எங்களுக்குத் தமிழில் சொன்னாய். இந்த வேர் சீன மருந்துகளில் பாதிக்கு மேலானவற்றுக்குள் கொஞ்சமாவது போகுமாம். மற்ற மூலிகைகள் ஒன்றோடொன்று முட்டாமல் இது பார்த்துக்கொள்ளுமாம். பச்சையாகப் போட்டால் தொண்டை நோவுக்கும் இருமலுக்கும் சூட்டுப் புண்ணுக்கும். தேனில் வறுத்துப் போட்டால் பலவீனமான வயிற்றுக்கும், களைத்து நெஞ்சு படபடக்கிற ஆளுக்கும். எல்லாம் சொல்லிவிட்டு அவர் விரலை உயர்த்தினார். உடம்பில் தண்ணீர் தேங்குகிறவருக்குக் கொடுக்கக் கூடாது, வயிறு பொருமுகிறவருக்குக் கூடாது, பிரசர் உள்ளவருக்குக் கூடவே கூடாது, சில மூலிகைகளோடும் ஒரு வகைக் கடற்பாசியோடும் சேர்க்கவே கூடாது, நல்ல உடம்புக்கும் அதிக நாள் கூடாது. நீ எல்லாவற்றையும் எழுதினாய். அவர் மூச்சு விட்டாலும் எழுதியிருப்பாய்.

நான் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். “அப்பா, கேக்காமல் எடுக்காதேங்கோ” என்றாய். மென்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. “தம்பி, இது எங்கட அதிமதுரமடா. இருமல் வந்தால் நாங்கள் கடிக்கிறதுதானே” என்றேன். நீ கொப்பியிலிருந்து தலையை எடுக்கவில்லை. “ஓம் அப்பா, கிட்டத்தட்ட அதுதான். அவர் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ.” சம்பந்தி சிரித்துக்கொண்டு தகரத்தை என் பக்கம் தள்ளினார். அந்தச் சிரிப்பில் கெட்டது எதுவும் இல்லை. இருந்தும் வாயில் இனிப்பு இருக்க, நெஞ்சுக்குள் எரிந்தது. எந்தக் காற்றுக்கு எந்த வலை என்று எனக்குத் தெரியும். மன்னார்க் கடலில் முப்பது வருடம் அந்த அறிவில்தான் சோறு தின்றோம். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் நீ கொப்பியில் எழுதினதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூரிகை எடுத்து உன் பெயரை அவர்களின் எழுத்தில் எழுதிக் காட்டினார். நீ அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னாய். அந்தப் பெயரை உனக்கு வைத்தவன் நான். மூன்று நாள் யோசித்து வைத்தவன். அதை எந்த மொழியிலும் எழுத எனக்குத் தெரியாது. அடுத்த வியாழக்கிழமை றஞ்சினி ரீச்சரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் உனக்குப் படிப்பித்த அதே றஞ்சினி. “என்ன அண்ணை, மகன்ர கலியாணக் காட் எழுதவோ?” என்று கேட்டா. “இல்லை தங்கச்சி, எனக்கு எழுத்து வேணும்” என்றேன். அவ சிரிக்கவில்லை, உள்ளே கூப்பிட்டு ஒரு பென்சில் சீவித் தந்தா. உன் பெயரைத்தான் முதலில் படித்தேன். ஆக, எனக்கு எழுத்தைத் தந்தது பொறாமை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதை விட்டால் வேறு காரணம் எழுத எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு ஒன்பது வயது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. கடிதம் வந்தால் பள்ளிக்கூடத்தால் நீ வரும்வரை நானும் அம்மாவும் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம். நீ சப்பாத்தும் கழற்றாமல் நின்று வாசித்தாய். “அப்பா, எங்களுக்கு ஏலாதாம்” என்றாய். நான் உனக்கு அறைந்தேன். நீ எழுதின கடிதம் மாதிரி, நீ மறுத்த மாதிரி. பிறகு மேல்முறையீடு செய்து எல்லாம் சரிவந்தது, நீ மறந்திருக்கவும் கூடும். நான் மறக்கவில்லை. அன்றைக்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ இப்போது சம்பந்தியோடு பேசியதும் அந்த மாதிரி ஒரு அறைதான். குற்றமில்லாத கன்னத்தில் விழுந்த அறை. அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன், அதனால் உன்னை ஏச எனக்கு வாயில்லை.

மார்க் காசு போய் யூரோ வந்ததற்கு அடுத்த குளிர்காலம், இப்போது முடிந்த இந்தக் குளிர்காலம், எனக்கு அந்த இருமல் பிடித்ததல்லவா. தை மாதம் நீ என்னை மறுபடி அவரிடம் கூட்டிக்கொண்டு போனாய். அவர் என் நாக்கைப் பார்த்தார். இரண்டு கையிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பிடித்தார். என்ன குளிசை எடுக்கிறேன் என்று கேட்டார். நீ பிரசர் குளிசையின் பெட்டியையும் சலம் போகிற குளிசையின் பெட்டியையும் காட்டினாய். அவர் லின்னிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார். பிறகு உனக்கு மொபைலில் அழைப்பு வந்தது, நீ வெளியே போனாய். லின் கடைக்குப் போனாள். நாங்கள் இரண்டு கிழவர்களும் தனியே.

அவர் ஏழு தாளை விரித்து, சின்னத் தராசில் ஒவ்வொரு மூலிகையாக நிறுத்துப் போட்டார். கடைசியில் கைப்பழக்கத்தில் அதிமதுரத் தகரத்தையும் திறந்து, முதல் தாளில் மூன்று துண்டு வைத்தார். வைத்தவர் நின்றார். என்னைப் பார்த்தார். மூன்று துண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் தனியாக வைத்தார். பிறகு எனக்கு விளங்க வேண்டும் என்று எழும்பி நின்று நடித்துக் காட்டினார். துண்டைக் காட்டினார். தன் கணுக்காலைக் காட்டிக் கைகளால் ஊத வைத்தார். மேற்கையில் பிரசர் பட்டி சுற்றுவது போலச் சுற்றிக் காட்டி, கண்ணை முழித்து, தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். “நைன்” என்றார் ஜேர்மனில், கூடாது என்று. “நீங்கள், இது, நைன்.” நான் “யா, யா” என்றேன். எனக்கு முழுக்க விளங்கியது. ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும்.

ஆனால் என் மனதில் ஓடியது வேறு. இந்த ஆள் எனக்கு எங்கட வேரைத் தராமல் எடுக்கிறார். இருமலுக்கு அதிமதுரம் இல்லாமல் மருந்து கட்டுகிறார். இருமல் மாறினால் நீ உன் கொப்பியில் இவரைத்தான் எழுதுவாய். வீட்டுக்கு வந்த மறுநாள் நான் தமிழ்க் கடைக்குப் போய் அதிமதுரம் வாங்கினேன். சம்பந்தி தந்த பொட்டலத்தை அவிக்கிறபோது ஒரு பிடி நிறைய அதையும் போட்டேன். அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “இஞ்சேருங்கோ, அந்த மனுசன் இவ்வளவு இனிப்பாவோ மருந்து தந்தவர்? பாயாசம் மாதிரி கிடக்கு” என்றா. “ஓம், அவையின்ர மருந்து அப்பிடித்தான்” என்றேன். ஏழு பொட்டலமும் ஏழு நாளில் முடிந்தது. ஆனால் அதிமதுரத்தை நான் நிறுத்தவில்லை. காலையும் மாலையும் தனியாக அவித்து, தடிப்பாக, ஐந்து கிழமை குடித்தேன். அதுவும் சம்பந்தி தந்த மருந்துதான் என்று அம்மா நினைத்தா. இருமல் மாறியது. யாரால் மாறியது என்று எனக்குள் நானே தீர்ப்புச் சொல்லி, கெட்டிக்காரன் என்று சந்தோசப்பட்டேன். கலியாண வீட்டில் எல்லோருக்கும் முன்னால் உனக்கு இதைச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து தெரியாது. முதலில் சப்பாத்து இறுகியது. பிறகு படியேறத் தொடையில் பலம் இல்லை. ஒரு காலையில் கோப்பையைத் தூக்கினேன், கை தூக்க மறுத்தது. அம்மா அம்புலன்சுக்கு அடித்தா. ஆஸ்பத்திரியில் பிரசர் பார்த்த தாதி இன்னொரு தரம் பார்த்தாள், நம்பாமல். இரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைந்துவிட்டது, இருதயம் தடுமாறுகிறது என்று டொக்டர் சொன்னா. “லக்ரிட்ஸ் சாப்பிடுகிறவரா?” என்றும் கேட்டா. அதிமதுரத்துக்குத்தான் அவர்கள் அப்படிச் சொல்வது. நீ கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வேலை உடுப்போடு ஓடி வந்து நின்றாய். “இல்லை, ஆனால் சீன மருந்து குடித்தவர்” என்றாய். அதற்குள் இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னா.

நீ என் கட்டிலடியில் நின்றே அவருக்கு ரெலிபோன் எடுத்தாய். லின் நடுவில் நின்று மொழிபெயர்த்திருக்க வேண்டும், பாவம். அவர் தான் அதை எடுத்துவிட்டதாகச் சொன்னாராக்கும், நீ போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டாய். “அப்பா, அந்த வேரை உங்கட மருந்துக்குள்ளயிருந்து எடுத்தவராம். நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்தானே. எடுத்தவரோ?” நான் உன் முகத்தைப் பார்த்தேன். கோபத்தில் சிவந்திருந்தது. அந்தக் கோபம் எனக்காக. இரண்டு வருடமாக அவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த முகம் அன்றைக்கு என் பக்கம் திரும்பியிருந்தது. “எனக்கென்ன தெரியும் தம்பி, அவர் என்ன கட்டித் தந்தவர் எண்டு” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. நீ போனை எடுத்து, “பொய் சொல்லாதேங்கோ, என்ர அப்பாவைக் கொல்லப் பாத்திட்டியள்” என்று ஜேர்மனில் சத்தம் போட்டாய். எனக்கு ஊசி ஏறிக்கொண்டிருந்தது, நெஞ்சு தடுமாறிக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளுக்குள் இனித்தது. இதை எழுதத்தான் எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நீ வேலைக்குத் திரும்பியிருந்தாய். லின் கூட வந்தாள். தோடம்பழம் கொண்டு வந்தார். கதிரையின் ஓரத்தில் இருந்தார். லின் சொன்னாள், நான் ஜேர்மனில் விளங்கிக்கொள்ளக் கூடியபடி மெதுவாகச் சொன்னாள்: “அப்பா சொல்லுறார், தான் எடுத்ததாகத்தான் ஞாபகமாம். ஆனால் ஒரு தாளிலதான் எடுத்து, மற்றத் தாளுகளிலை வைச்சிட்டனோ எண்டு இப்ப தெரியேல்லையாம். வயசு போட்டுதாம். மன்னிக்கச் சொல்லுறார்.” அவர் எழும்பி எனக்கு முன்னால் குனிந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னித்தேன். அவர் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்யவில்லை, உனக்கு அறைந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன கிழமை லின் தனியாக இங்கே வந்தாள். நீ அனுப்பவில்லை என்று தெரியும். அம்மா அவளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தா. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். தகப்பனார் தகரங்களையெல்லாம் இறக்கி, ஒவ்வொரு மூலிகையையும் மறுபடி மறுபடி நிறுத்துப் பார்க்கிறாராம். நிறுத்ததைத் தாளில் கட்டி, அவிழ்த்து, மறுபடி எண்ணுகிறாராம். கை பிழைத்ததா, கண் பிழைத்ததா என்று அவளிடம் கேட்கிறாராம். ஒரு பக்கத்து வீட்டுப் பெண் தடிமனுக்கும் தும்மலுக்கும் மருந்து கேட்டு வந்தபோது கதவைத் திறக்கவில்லையாம். பிறகு தகரங்களை யாருக்கோ கொடுத்துவிட்டாராம். கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் நிற்க முகமில்லை என்று விமானச் சீட்டு எடுத்துவிட்டார். “நான் அவரை மறிக்கேல்லை” என்றாள் லின். “மறிச்சால் உங்கட மகனோட திரும்பவும் சண்டை வரும்.” அழவில்லை. இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள், சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை நான் தாளை எடுத்தேன்.

நேற்று இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் எழுத்தை நானே வாசிக்க ஒரு மணித்தியாலம் போனது. அம்மா எழும்பிப் போய்விட்டா. பின்னேரம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னா: “கிழவனுக்குப் பொறாமை காலுக்குள்ள இறங்கி வீங்கினது எண்டும் எழுதுங்கோ.” எழுதிவிட்டேன். அவ என்னோடு இன்னும் சரியாகக் கதைக்கவில்லை.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது உன்னைவிட இன்னொருவரை விரும்பிப் பார்த்தால், உனக்கும் எரியும். எரிந்தால் லின்னிடம் வாய்விட்டுச் சொல். நான் அம்மாவிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவ சிரித்திருப்பா, நானும் சிரித்திருப்பேன், கால் வீங்கியிருக்காது. டொக்டரிடம் போனால் குடித்ததையெல்லாம் சொல், கடையில் வாங்கினதையும் சொல். இனிப்பாக இருக்கிறது, எங்கட ஆட்கள் காலம் காலமாகக் கடிக்கிறது என்பதற்காக ஒரு வேர் ஆளைப் பார்த்து விட்டுவிடாது. அந்த மூன்று துண்டையும் எடுத்து வைத்த கை சரியான கை. அவர் ஏழு தாளிலும் சரியாகக் கட்டினார். முதல் தாளில் எடுத்ததை நான் கண்டேன், மற்ற ஆறிலும் அவர் வைக்கவே இல்லை என்பதையும் கண்டேன். நான் ஒருவன்தான் கண்டேன்.

ஆகவே இதை லின்னுக்கு ஜேர்மனில் சொல், அவள் அவருக்குச் சொல்லட்டும். ஒரு வரியும் விடாதே. அப்பாவுக்கு மரியாதை குறையும் என்று நீ மிருதுவாக்கி மொழிபெயர்ப்பாய், எனக்கு உன்னைத் தெரியும், அலுவலகங்களில் எனக்காக அப்படித்தான் செய்து வந்தாய். இந்த முறை வேண்டாம். பொறாமைப்பட்டவன், பொய் சொன்னவன், மன்னிப்பை ஏற்றுக்கொண்டவன் என்று அப்படியே சொல். அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கலியாணத்துக்கு நிற்க வேண்டும், தன் கையை நம்ப வேண்டும், அவ்வளவுதான். நான் நிற்கிற இடத்துக்கு வர விருப்பமில்லை என்றால், நான் கோயிலுக்கு வெளியே நிற்கிறேன், அவர் உள்ளே நிற்கட்டும்.

இதை வாசித்து முடித்ததும் நீ எனக்கு ரெலிபோன் எடுப்பாய். எடுக்காதே. முதலில் அவருக்கு எடு. எவ்வளவு நேரம் வேண்டுமென்றாலும் பேசு. நீ அவரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்து நான் இங்கே போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். எனக்கு எரியும். எரியட்டும், நீ அவசரப்பட்டு வைத்துவிடாதே.

அப்பா